ஓர் ஈற்று எடுக்கும் முன்: வன்னியில் நாய் வளர்ப்போருக்கான ஆயத்தமும் செலவுக் கணக்கும்

வீட்டில் நல்ல சாதிப் பெட்டை நாய் ஒன்று நின்றால், அயலவர்கள் கேட்கும் முதற்கேள்வி "எப்போது குட்டி போடும்? எனக்கும் ஒன்று தர வேண்டும்" என்பதுதான். படலையடியில் நின்று அப்படிக் கேட்டவர்களில் பாதிப்பேரை, குட்டிகளுக்கு எட்டு வாரம் ஆகும்போது காணக் கிடைக்காது. வருபவர்களும் கடுவன் குட்டியைத்தான் தேடுவார்கள். மிஞ்சும் பெட்டைக் குட்டிகள் எங்கே போய்ச் சேர்கின்றன என்பதைச் சந்தை மூலையிலும் கோயில் வீதியிலும் ஏ-9 வீதியோரத்திலும் நாமெல்லோரும் பார்த்திருக்கிறோம். அதனால் இணை சேர்ப்பதைப் பிறகு பார்ப்போம். குட்டிகள் யாரிடம் போகும், காசு எங்கிருந்து வரும் என்ற இரண்டையும் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் பெயர்ப் பட்டியல்

பொமரேனியன் போன்ற சிறிய இனங்கள் பெரும்பாலும் 2 முதல் 4 குட்டிகள் போடும். லாப்ரடோர், ஜேர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரிய இனங்களில் 6 முதல் 10 வரை எதிர்பார்க்கலாம். எதிர்பார்க்கும் எண்ணிக்கையில் பாதிக்காவது ஆள் இருக்க வேண்டும். ஆள் என்றால் பெயர், தொலைபேசி எண், ஒரு சிறிய முற்பணம். தொகை எவ்வளவு என்பது முக்கியமல்ல. ஐந்நூறு ரூபாய் கேட்டாலே உண்மையில் எடுப்பவர் யார், வாய்ப்பேச்சுக்குக் கேட்டவர் யார் என்பது தெரிந்துவிடும்.

எடுப்பவரிடம் நீங்களும் கேளுங்கள். வளவுக்கு வேலி இருக்கிறதா? குடும்பத்தோடு வயலுக்குப் போகும் நாட்களில் சாப்பாடு வைப்பது யார்? யானைக் காவலுக்கும் பன்றி வேட்டைக்கும் நாய் தேடுகிறவர் என்றால், லாப்ரடோர்க் குட்டி அவருக்குப் பொருந்தாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடலாம். அந்த வேலைக்கு ஊர்நாயே கெட்டிக்காரன். பெட்டைக் குட்டியை ஏற்கும் ஆள் ஒருவர்கூடப் பட்டியலில் இல்லை என்றால் இந்த முயற்சியை இங்கேயே விட்டுவிடுங்கள். கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துவிட்டால் நாயும் நீண்டநாள் நலமாக இருக்கும். ஒரு முறையாவது குட்டி போட்டால்தான் பெட்டை நாயின் உடம்புக்கு நல்லது என்று ஊரில் சொல்வதற்கு மருத்துவ ஆதாரம் கிடையாது.

உங்கள் நாய் அதற்குத் தகுதியா?

முதல் தீட்டில் இணை சேர்க்கக் கூடாது. சிறிய இனங்களில் முதல் தீட்டு ஆறு மாதத்திலேயே வரலாம். பெரிய இனங்களில் ஒன்றரை வயது வரைகூடத் தாமதிக்கலாம். உடம்பும் புத்தியும் முதிர்ந்து, இரண்டு வயது தாண்டிய பிறகு யோசிப்பதே முறை. பெரிய இனங்களில் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக இறங்கும் என்பதால், இரண்டு வயதின் பின் இடுப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது வழக்கம். ஐந்தாறு வயதாகியும் ஒரு தடவைகூடக் குட்டி போடாத நாயில் முதல் ஈற்றை எடுக்க முனைவது ஆபத்து.

குணத்தையும் பாருங்கள். வீட்டுக்கு வரும் பிள்ளைகளைக் கண்டு பல்லைக் காட்டும் நாய், வெடிச்சத்தத்துக்குக் கட்டிலின் கீழ் ஒளிந்து நாள் முழுக்க வெளியே வராத நாய் ஆகியவற்றின் குணம் குட்டிகளிலும் தொடரும். எவ்வளவு வடிவான நாயாக இருந்தாலும் வேண்டாம்.

பிறகு மிருக வைத்தியரிடம் போங்கள். வன்னியில் நான் முதலில் பார்க்கச் சொல்வது உண்ணிக் காய்ச்சல். பபீசியா, எர்லிக்கியா போன்ற கிருமிகள் இரத்தத்தில் மறைந்து கிடக்க, நாய் வெளியே சுகமாகத் தெரியும். சினைப்பட்ட பிறகு அது தலையெடுத்தால் கொடுக்கக்கூடிய மருந்துகள் குறைவு. பபீசியா குட்டிகளுக்கும் கடத்தப்படலாம். இணை சேர்ப்பதற்கு முன்பே இரத்தத்தைச் சோதித்து, மருந்து தேவையென்றால் கொடுத்து முடித்துவிட வேண்டும். புரூசெல்லா சோதனை எங்கே செய்யலாம் என்றும் கேளுங்கள். அது இணை சேர்க்கையால் பரவி, கருச்சிதைவை உண்டாக்கி, மனிதருக்கும் தொற்றக்கூடியது. பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற தொற்றுநோய்களுக்கான தடுப்பூசிகளும் இணை சேர்ப்பதற்கு முன்பே போடப்பட்டிருக்க வேண்டும். உயிருள்ள கிருமி சேர்ந்த தடுப்பூசிகளைச் சினை நாய்க்குப் போடுவதில்லை. விசர்நாய்த் தடுப்பூசியைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊடாக இலவசமாகவே பெறலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அடுத்த முகாம் எப்போது என்று விசாரியுங்கள். நாயைப் பிரதேச சபையில் பதிவதும் சட்டப்படி கட்டாயம். அந்தச் சட்டம் 1901ஆம் ஆண்டு முதல் இருக்கிறது, நாம்தான் மறந்துவிடுகிறோம்.

சான்றிதழோடு குட்டி விற்க நினைப்பவர்கள், தாய் தகப்பன் இரண்டும் சாதி நாய்களைப் பதியும் இலங்கை கெனல் சங்கத்தில் பதிவானவையா என்பதை முதலே உறுதிப்படுத்த வேண்டும். குட்டி பிறந்த பிறகு பத்திரம் தேடி அலைவதில் பயனில்லை.

கொப்பியில் மூன்று பக்கங்கள்

இணை சேர்ப்பதில் இருந்து குட்டி கைமாறும் வரை ஏறக்குறைய நான்கு மாதம்: சினைக்காலம் 63 நாட்கள், வளர்ப்பு 56 நாட்கள். காலபோக நெல்லைப் போலத்தான். காசு முழுவதும் முன்னே போகும், வரவு கடைசியில்தான் வரும், இடையில் எது வேண்டுமானாலும் அடித்துக்கொண்டு போகலாம். குட்டி விற்ற காசில் செலவைப் பார்ப்போம் என்று தொடங்குபவர் ஆறாம் வாரத்தில் கடைக்காரரிடம் கடன் சொல்லிக்கொண்டு நிற்பார்.

முதற்பக்கத்தில், குட்டி ஒன்று பிறந்தாலும் பத்துப் பிறந்தாலும் மாறாத செலவை எழுதுங்கள். வைத்தியர் கட்டணம், இரத்தப் பரிசோதனை, தாயின் தடுப்பூசியும் பூச்சிமருந்தும், உண்ணி மருந்து, கடுவனுக்குரிய கட்டணம், ஸ்கான், எக்ஸ்ரே, அவற்றுக்கான போக்குவரத்து, பேற்றுப் பெட்டி, வெப்பமானி, சமையலறைத் தராசு. விலைகளை இன்றைக்கே தொலைபேசியில் கேட்டுக் குறியுங்கள். 2022இல் ரூபாய் சரிந்தபோது ஒரு டொலர் 200 ரூபாய் அளவில் இருந்து 360 வரை போனது. தடுப்பூசியும் நாய்த்தீனும் பெரும்பாலும் இறக்குமதி. அதற்கு முந்திய காலத்தில் குட்டி எடுத்தவர் சொல்லும் கணக்கை வைத்துத் திட்டமிட முடியாது.

இரண்டாம் பக்கத்தில் குட்டித் தலைக்கு ஆகும் செலவு. ஏழு குட்டிகள் என்று வைத்துக்கொள்வோம். 2, 4, 6, 8ஆம் வாரங்களில் பூச்சிமருந்து: 28 தடவை. 6 முதல் 8 வாரத்துக்குள் முதல் தடுப்பூசி: 7 ஊசிகள். லாப்ரடோர் அளவான குட்டி ஆறாம் வாரத்தின் பின் நாளொன்றுக்கு ஏறக்குறைய 200 கிராம் உலர்தீன் தின்னும். ஏழு குட்டிக்கும் 1.4 கிலோ. பத்துக் கிலோப் பை ஒரு வாரத்தில் முடிந்துவிடும். இதற்குமேல் தாயின் சாப்பாடு. பால் உச்சத்தில் இருக்கும் மூன்றாம் நான்காம் வாரங்களில் அது வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு தின்னும்.

இப்போது, மூன்று குட்டிகள் விற்கவில்லை என்று எழுதிப் பாருங்கள். பன்னிரண்டாம் வாரம் வரை அவை உங்களோடுதான். ஒரு குட்டிக்கு நாளுக்கு 300 கிராம் என்றால் 28 நாட்களில் மூன்றுக்குமாக 25 கிலோ தீன், மேலும் மூன்றுக்கும் இரண்டாம் தடுப்பூசி, விசர்நாய்த் தடுப்பூசி. இந்த வரியை எழுதாத கணக்குகளின் முடிவுதான் சந்தை மூலையில் கிடக்கிறது.

மூன்றாம் பக்கம் ஆபத்துக்காசு. பேறு தடைப்பட்டால் சத்திரசிகிச்சை. அதற்கு இரவில் வாடகை வாகனம் போக வர. ஒரு குட்டிக்கு பார்வோ வந்தால் சேலைனும் வைத்தியமும். மாகாணத்தின் அரச கால்நடை வைத்தியர்களுக்கு மாடு, ஆடு, கோழி வேலையே தலைக்குமேல். உங்கள் பிரிவு வைத்தியர் நாய்க்குச் சத்திரசிகிச்சை செய்வாரா, இல்லையென்றால் யாரிடம் அனுப்புவார், அவர் இரவில் தொலைபேசியை எடுப்பாரா என்ற மூன்றையும் சினைப்படுத்தும் முன் கேட்டுவிட வேண்டும். முல்லைத்தீவுப் பட்டினத்தில் இருப்பவருக்கு மாங்குளம் சந்திக்கு வரவே ஏறக்குறைய 50 கிலோமீற்றர். பரந்தன் பக்கமாகப் போனாலும் தூரம் குறையாது. ஏ-9 வீதியைத் தொட்ட பிறகுதான் வவுனியாவோ யாழ்ப்பாணமோ. ஆகவே ஓட்டுநரின் எண்ணும் அந்தப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இந்தக் காசு சீட்டில் போட்டிருக்கக் கூடாது, உரத்துக்கு வைத்ததாக இருக்கக் கூடாது. இரவு இரண்டு மணிக்குக் கையில் எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். மூன்றாம் பக்கத்தை நிரப்ப முடியாதவர் இந்தத் தீட்டை விட்டுவிட்டு அடுத்ததற்குச் சேமிக்கலாம். ஆறு ஏழு மாதத்தில் அது வரத்தான் போகிறது.

வரவை எழுதும்போது கை அடங்கட்டும். ஏழு குட்டியில் ஒன்று கடுவன்காரருக்குப் போகலாம், ஒன்றை நீங்களே வைத்திருக்க விரும்பலாம், ஒன்று முதல் வாரத்திலேயே இறக்கலாம். நான்குதான் விற்பனைக்கு. இந்த நான்கின் விலை முதலிரண்டு பக்கங்களையும் தாண்டினால் அதிர்ஷ்டம். இதில் இலாபம் பார்ப்பவர்கள் பெரும்பாலும் தடுப்பூசியிலோ தாயின் சாப்பாட்டிலோ கைவைத்தவர்கள் என்பது என் அபிப்பிராயம்.

எந்த மாதத்தில்?

ஓகஸ்ட் நடுவில் இணை சேர்ந்தால் ஒக்டோபர் நடுவில் பேறு. மாரி மழையின் வாசலில். ஈரம், மின்வெட்டு, வெள்ளம், வீதி அறுந்துபோகும் நாட்கள் எல்லாம் குட்டிகளின் முதல் வாரங்களிலேயே வந்துவிடும். டிசம்பரில் சேர்ந்தால் பெப்ரவரியில் பிறக்கும். மழை ஓய்ந்திருக்கும், வெயில் கடுமையாகவில்லை, அறுவடைக் காசும் கைக்கு வரும் காலம். ஆனால் அறுவடை நாட்களில் வீட்டில் நிற்க ஒருவர் வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. தீட்டு நம் சொல்லுக்கு வராது. பொருந்தாத தீட்டைத் தவறவிடுவது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

இணை சேர்த்தலும் சினைக்காலமும்

தீட்டு ஏறக்குறைய மூன்று வாரம். முதல் ஒன்பது நாட்கள் அளவில் இரத்தக்கசிவும் வீக்கமும், கடுவனை அண்டவிடாது. கசிவு வெளிறி, முதுகைத் தடவினால் வாலை ஒரு பக்கம் ஒதுக்கி நிற்கத் தொடங்கும்போது பருவம். அப்போதிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரண்டு மூன்று தடவை சேர்க்கலாம். இரண்டும் பிணைந்து நிற்கும் நேரம் பத்து நிமிடமாகவும் இருக்கும், அரைமணியாகவும் இருக்கும்; எக்காரணம் கொண்டும் இழுத்துப் பிரிக்க வேண்டாம்.

மூன்று வாரமும் நாயை வீட்டுக்குள் வைத்திருங்கள். கதியால் வேலி தெருக் கடுவனுக்கு வேலியே அல்ல. ஒரே ஈற்றில் இரண்டு தகப்பன்களின் குட்டிகள் பிறக்க முடியும். தெருக் கடுவன்கள் மூலம் பரவும் பாலுறுப்புக் கட்டி நோயும் இருக்கிறது. கடுவன்காரருடனான ஒப்பந்தத்தை எழுதிக்கொள்ளுங்கள்: காசா குட்டியா, குட்டி என்றால் முதல் தெரிவு யாருக்கு, சினைப்படாவிட்டால் மறுதரம் உண்டா. கடுவனின் தாய் தகப்பனையும் விசாரியுங்கள். ஒரு மாவட்டத்துக்குள் நிற்கும் ஓரினத்து நாய்கள் பல ஒரே வீட்டில் இருந்து போனவையாக இருக்கும்.

25 முதல் 30ஆம் நாளுக்குள் ஸ்கான் செய்தால் சினையா என்பது தெரியும். 55ஆம் நாளுக்குப் பின் எக்ஸ்ரே எடுத்தால் குட்டிகளின் எண்ணிக்கை தெரியும். தூரத்தில் இருப்பவர்கள் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் எக்ஸ்ரேயைத் தெரிவு செய்யுங்கள். பேற்றிரவில் இன்னும் ஒரு குட்டி உள்ளே இருக்கிறதா என்று தடுமாற வேண்டி வராது.

முதல் ஆறு வாரமும் வழக்கமான சாப்பாடே போதும். கடைசி மூன்று வாரத்தில் சிறுகச் சிறுகக் கூட்டி, கால்வாசி முதல் அரைவாசி வரை அதிகமாக்கலாம். குட்டித்தீன் கொடுப்பது நல்லது. முடியாதவர்கள் சோற்றைக் குறைத்து மீன், முட்டை, இறைச்சியைக் கூட்டட்டும். கல்சியம் மாத்திரையோ திரவமோ கொடுக்க வேண்டாம். நல்லது என்று நினைத்துச் சினைக்காலத்தில் கொடுத்தால், உடம்பு தானாகக் கல்சியத்தை எடுக்கும் பழக்கத்தை விட்டுவிடும். குட்டி பிறந்த பின் பால்காய்ச்சல், அதாவது இரத்தத்தில் கல்சியம் திடீரெனக் குறையும் நோய், வரும் வாய்ப்பு கூடும். மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தையும் சினை நாயில் பூச வேண்டாம். பனடோல் எந்த நாய்க்கும் வேண்டாம்.

பெட்டி

லாப்ரடோர் அளவான நாய்க்கு நான்கு அடிக்கு நான்கு அடி. சுவர் ஒன்றரை அடி உயரம், தாய் ஏறி இறங்க ஒரு பக்கம் அரை அடி. உட்சுவரைச் சுற்றி நான்கு அங்குல உயரத்தில், சுவரில் இருந்து நான்கு அங்குலம் தள்ளி, ஒரு பிவிசி குழாயை ஓடவிடுங்கள். தாய் சுவரோடு சாய்ந்து படுக்கும்போது குட்டி நசியாமல் அந்த இடைவெளிக்குள் தப்பிவிடும். பெட்டிக்கு நான்கு கால் வைத்து, ஒவ்வொரு காலையும் தண்ணீர் ஊற்றிய பேணிக்குள் நிறுத்துங்கள், சாப்பாட்டு அலுமாரிக்குச் செய்வதைப் போலவே. பிறந்த ஈரத்தோடு கிடக்கும் குட்டிக்கு எறும்பு வரும். ஒரு இரவு போதும். அடியில் பத்திரிகைத் தாள், மேலே தோய்த்துக் காயவைத்த பழைய பருத்திச் சாரம். சாக்கில் குட்டியின் நகம் சிக்கும், உரப்பை வழுக்கும், வைக்கோலில் உண்ணி இருக்கும்.

தகரக் கொட்டில் வேண்டாம், நண்பகலில் அது அடுப்பு. கிடுகு வேய்ந்த கொட்டில் அல்லது வீட்டின் ஒதுக்குப்புற அறை நல்லது. முதல் வாரத்தில் குட்டிகள் கிடக்கும் மூலையில் 29 முதல் 32 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். வன்னியில் பகலில் அது தானாகவே இருக்கும். மழை இரவிலும் மாசிப்பனியிலும்தான் மின்குமிழ் தேவை. மின்சாரம் போனால், சுடுநீர் நிரப்பிய போத்தலைத் துணியில் சுற்றி ஒரு பக்கத்தில் வைக்கலாம். சூடு தேவையில்லாத குட்டி விலகிப்போக மறுபக்கம் இடம் இருக்கட்டும்.

பேற்றிரவு

கடைசி வாரத்தில் காலையும் மாலையும் குதத்தில் வெப்பநிலை பாருங்கள். வழக்கமாக 38க்கு மேல் இருப்பது 37.2க்குக் கீழே இறங்கினால், பெரும்பாலும் 24 மணித்தியாலத்துக்குள் பேறு. தாய் மூச்சிரைக்கும், துணியைப் பிறாண்டும், சாப்பாட்டை மறுக்கும்; இந்த முதற்கட்டம் பன்னிரண்டு மணித்தியாலம் வரைகூட இருக்கலாம். ஒருவர் மட்டும் அருகில் இருந்தால் போதும். அயல் பிள்ளைகளைப் பார்க்க அழைக்க வேண்டாம்.

இவற்றில் ஒன்றைக் கண்டாலும் வைத்தியருக்கு அழையுங்கள்:

- அரைமணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வெளியே வரவில்லை.
- உள்ளே குட்டி இருப்பது தெரிந்தும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இடைவெளி.
- முதற்குட்டி வருமுன்பே கரும்பச்சை நிறக் கசிவு.
- கடைசியாக இணை சேர்ந்து 70 நாள் தாண்டியும் பேறு இல்லை.

அந்த நேரத்தில் யாராவது, கருப்பையைச் சுருங்கவைக்க மாட்டுக்குப் போடும் ஒக்சிடோசின் ஊசியோடு வந்தால் தடுத்துவிடுங்கள். குட்டி குறுக்கே அடைத்து நிற்கும்போது அதைப் போட்டால் கருப்பை கிழியலாம்.

தாய் பையை நக்கிக் கிழிக்கவில்லை என்றால் நீங்கள் கிழித்து, குட்டியின் வாயையும் மூக்கையும் துடைத்து, தலை தாழ்ந்திருக்கப் பிடித்துத் துவாயால் நன்கு தேய்க்க வேண்டும். தலைகீழாகப் பிடித்துச் சுழற்றுவது பழைய முறை. மூளைக்குப் பாதிப்பு வரும். தொப்புள்கொடியை வயிற்றில் இருந்து ஓர் அங்குலம் விட்டு நூலால் கட்டி, வெட்டி, அயடீன் தடவுங்கள். எத்தனை குட்டி, எத்தனை நஞ்சுக்கொடி என்று எண்ணிக் கொப்பியில் எழுதுங்கள். முதல் நாளின் சீம்பால் ஒவ்வொரு குட்டிக்கும் கிடைக்க வேண்டும்.

எட்டு வாரம்

தராசின் வேலை இங்கேதான். ஒவ்வொரு குட்டியின் கழுத்திலும் வெவ்வேறு நிற நூல் கட்டி, நாளும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதுங்கள். பத்து நாள் அளவில் பிறந்த எடை இரட்டிக்க வேண்டும். ஒரு நாள் எடை ஏறாத குட்டியைக் கவனிக்கவும். இரண்டாம் நாளும் ஏறாவிட்டால் காத்திராமல் வைத்தியம் வேண்டும். குளிர்ந்து கிடக்கும் குட்டிக்கு உடனே பாலூட்டாதீர்கள். முதலில் உங்கள் உடம்போடு அணைத்துச் சூடாக்க வேண்டும். குளிர்ந்த குடல் பாலைச் செரிக்காது. பசும்பாலில் நாய்ப்பாலின் அளவுக்குப் புரதமும் கொழுப்பும் இல்லை. குட்டிகளுக்கான பால்மா ஒரு பேணியைப் பேற்றுக்கு முன்பே வாங்கி வையுங்கள். ஊட்டும்போது குட்டி குப்புறக் கிடக்க வேண்டும், குழந்தையைப் போல மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குள் போகும்.

தாய் நடுங்கினாலோ, கால் விறைத்து நடந்தாலோ, காரணமின்றி மூச்சிரைத்து அலைந்தாலோ அது பால்காய்ச்சலாக இருக்கலாம். முதல் நான்கு வாரத்துக்குள், அதுவும் சிறிய இனங்களில் அதிகம் வருவது. குட்டிகளைப் பிரித்துவிட்டு அந்த மணித்தியாலமே வைத்தியரிடம் கொண்டுபோங்கள். முலை கல்லாகிச் சிவந்திருந்தாலும் தாமதிக்காதீர்கள்.

கண் 10 முதல் 14 நாட்களில் திறக்கும். நான்காம் வாரத்தில் ஊறவைத்த தீனைத் தொடங்கலாம். குட்டிகள் மலம் கழிக்கும் இடத்தை நாளும் துப்புரவாக்குங்கள். கொக்கிப்புழு மணலில் கிடந்து, வெறுங்காலோடு விளையாடும் பிள்ளைகளின் தோலுக்குள்ளும் போகும். மூன்றாம் வாரம் முதல் மனிதக் கை, உழவு இயந்திரச் சத்தம், கோழி, ஆடு எல்லாவற்றையும் குட்டிகள் மெல்லப் பழகட்டும். இந்த வயதில் பழகாதது பிறகு பயமாகவே நிற்கும்.

கைமாறும்போது

எட்டு வாரத்துக்கு முன் கொடுக்காதீர்கள். வெளிநாட்டில் இருந்து வந்த உறவினர் ஐந்தாம் வாரத்தில் விமானம் ஏறுகிறார் என்று கெஞ்சினாலும் கூடாது. குட்டியோடு தடுப்பூசி அட்டை, பூச்சிமருந்து கொடுத்த திகதிகள், அது தின்று பழகிய தீனில் ஒரு வாரத்துக்கானது, தாய் கிடந்த துணியில் ஒரு துண்டு. கடிதத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்: எக்காரணத்தாலும் வளர்க்க முடியாமல் போனால் எனக்கே திருப்பித் தர வேண்டும். திரும்பி வரும் குட்டிக்கு உங்கள் வளவில் இடம் இருக்க வேண்டும் என்பதும் அந்த வரியில் அடங்கும். பெட்டைக் குட்டி எடுத்தவர்களை ஆறாம் மாதத்தில் அழைத்து, கருத்தடைக்குத் திகதி எடுத்தார்களா என்று விசாரியுங்கள். அடுத்த ஈற்று வேண்டாம் என்றிருந்தால், உங்கள் நாய்க்கும் பால் வற்றி முலை சுருங்கிய சில வாரங்களில் அதைச் செய்துவிடலாம். அந்தச் செலவை முதற்பக்கத்தின் கடைசி வரியாக இன்றைக்கே எழுதி வையுங்கள்.